வார்ஃபரினா, புதிய மாத்திரையா? ரத்தம் உறையாமல் காக்கும் மருந்தில் எதைத் தேர்ந்தெடுப்பது

அத்தையின் வார்ஃபரின் நோட்டு என் மேஜையில் இருக்கிறது. இடப்பக்கம் தேதி, நடுவில் ஐ.என்.ஆர். எண் (ரத்தம் உறையத் தாமதமாகத் தாமதமாக ஏறும் எண்), வலப்பக்கம் அந்த வாரத்துக்கான மாத்திரைக் கணக்கு. 2.3, 2.6, 2.4, 2.5 என்று மாதக்கணக்கில் சமர்த்தாகப் போய்க்கொண்டிருந்த எண், ஒரு வரியில் மட்டும் திடீரென்று 6.1. பக்கத்திலேயே அத்தையின் கையெழுத்தில் ‘பல்லுக்கு மாத்திரை, 5 நாள்’ என்று இருக்கிறது. ஈறு வீக்கத்துக்கு எழுதிக் கொடுத்த மெட்ரோனிடசோல்தான் அந்த மாத்திரை. அது வார்ஃபரினோடு சேர்ந்தால் எண் ஏறும். இரண்டு நாள் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். எண் இறங்கியது, ஒரு சொட்டு ரத்தம்கூடக் கசியவில்லை. வழக்கமான பரிசோதனை அந்த வாரம் வந்ததால் தப்பித்தோம்.

மாமாவின் கதை வேறு மாதிரி. அவருக்குப் புதிய மாத்திரைகளில் ஒன்றான அபிக்ஸபன். காலை ஒன்று, ராத்திரி ஒன்று, பரிசோதனைத் தொல்லை கிடையாது. ஒருநாள் ஏதோ தேடும்போது அவருடைய மாத்திரைப் பெட்டியைத் திறந்தேன். காலை அறைகள் எல்லாம் காலி. ராத்திரி அறைகளில் நாலு மாத்திரை அப்படியே கிடந்தன. ‘சாப்பிட்டதும் தூக்கம் வந்துடுதுப்பா’ என்றார். ஒரே வாரத்தில் நாலு ராத்திரி அவர் ரத்தத்தில் காவல் இல்லை. அது எந்த நோட்டிலும் பதிவாகவில்லை, யாருக்கும் தெரியவும் இல்லை.

நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்று பல வருடமாக நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ‘பழைய மாத்திரையும் இருக்கிறது, புதியதும் இருக்கிறது, எது வேண்டும் என்று டாக்டர் கேட்கிறார். நாங்கள் என்ன சொல்வது?’ எது நல்ல மருந்து என்று கேட்டால் பதில் சுலபம், பெரும்பாலானவர்களுக்குப் புதியது. ஆனால் கேட்க வேண்டியது அதுவல்ல. உங்கள் வீட்டில் எந்த மருந்து தவறிப்போனால் யாராவது கவனிப்பார்கள்? அத்தைக்கும் மாமாவுக்கும் நடந்ததை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

## முதலில் ஒரு பெயர்க் குழப்பம்

ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் எதுவும் நீர்த்துப் போவதில்லை. காயம் பட்டால் ரத்தம் உறைவதற்கு உடம்பில் ஒரு சங்கிலி ஓட்டம் இருக்கிறது. இந்த மருந்துகள் அந்தச் சங்கிலியின் ஏதோ ஒரு கண்ணியைத் தளர்த்துகின்றன. ஏற்கெனவே உண்டான ரத்தக்கட்டியை இவை கரைப்பதும் இல்லை. அது பெரிதாகாமல், புதிதாக இன்னொன்று வராமல் பார்த்துக்கொள்கின்றன. கரைக்கும் வேலையை உடம்பு தானே செய்கிறது.

வார்ஃபரின் கல்லீரலில் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுக்கிறது. அதனால் உறைதலுக்கு வேண்டிய பல புரதங்கள் சரியாக உருவாவதில்லை. பழைய புரதங்கள் தீர வேண்டும் என்பதால் முழு வேலை காட்ட ஐந்தாறு நாள் ஆகும், நிறுத்தினால் இறங்கவும் சில நாள் ஆகும். புதிய மாத்திரைகள் நேரே ஒரே இலக்கைப் பிடிக்கின்றன. டாபிகட்ரான் த்ராம்பின் என்ற உறைதல் புரதத்தை, அபிக்ஸபன், ரிவராக்ஸபன், எடாக்ஸபன் ஆகிய மூன்றும் காரணி 10ஏ என்ற இன்னொரு உறைதல் புரதத்தை. சில மணி நேரத்தில் வேலை தொடங்கும், ஒரு நாளுக்குள் பெரும்பகுதி போய்விடும். கீழே வரப்போகிற நல்லது கெட்டது எல்லாமே இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து பிறப்பவைதான்.

## தேர்வே இல்லாதவர்கள்

ஒப்பீட்டுக்குள் போவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கீழே சொல்பவர்களில் நீங்கள் ஒருவர் என்றால் மற்றதெல்லாம் உங்களுக்கு வெறும் தகவல்தான்.

மெக்கானிக்கல் இதய வால்வு பொருத்தியவர்கள்: வார்ஃபரின் அல்லது அதே குடும்பத்து மருந்து மட்டும்தான். டாபிகட்ரானைக் கொடுத்துப் பார்த்த ஆய்வை 2012-ல் பாதியில் நிறுத்தினார்கள். கட்டியும் கூடியது, கசிவும் கூடியது. பிறகு அபிக்ஸபனை வைத்து நடந்த ஆய்வும் 2022-ல் நின்றுபோனது. விலங்குத் திசு வால்வு என்றால் கணக்கு வேறு. ஆகவே ‘வால்வு மாற்றியிருக்கிறது’ என்று மட்டும் சொல்லாதீர்கள், எந்த வகை என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கி, அதோடு இதயத் துடிப்பும் ஒழுங்கு தவறியவர்கள்: இவர்களுக்கு ரிவராக்ஸபனைவிட வார்ஃபரின் வகைதான் மேல் என்று 2022-ல் வெளிவந்த பெரிய ஆய்வு காட்டியது. ‘புதுசு எப்பவும் நல்லது’ என்ற நம்பிக்கைக்கு அது சரியான குட்டு.

ஆன்டிபாஸ்போலிபிட் நோய்க்குறி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ரத்தக்கட்டியைத் தூண்டும் நோய்) உள்ளவர்கள்: குறிப்பாக இதற்கான மூன்று ரத்தப் பரிசோதனையும் பாசிட்டிவ் என்றால் வார்ஃபரின்தான்.

கர்ப்பிணிகள்: வார்ஃபரின் கருவைப் பாதிக்கும், புதிய மாத்திரைகளும் கூடாது. வழக்கமாகக் கொடுப்பது ஹெப்பாரின் வகை ஊசி. கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் பேசிவிட வேண்டும். பாலூட்டும் காலத்தில் வார்ஃபரினுக்குத் தடையில்லை. புதியவற்றைத் தவிர்க்கச் சொல்வார்கள்.

மிச்சமிருப்பவர்களுக்குத்தான், அதாவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிப்பது) உள்ளவர்களுக்கும் காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்தவர்களுக்கும், உண்மையான தேர்வு இருக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது

நான் ஆறு விஷயம் பார்ப்பேன், இந்த வரிசையில்.

1. வேளை தவறாமல் சாப்பிடும் ஆளா? தவறினால் யார் பார்ப்பார்கள்?
2. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது? வயது, எடை என்ன?
3. கூட என்னென்ன மருந்து ஓடுகிறது? முக்கியமாக வலிப்பு, காசநோய், பூஞ்சை, எச்.ஐ.வி. மருந்துகள்.
4. ஏற்கெனவே வயிற்றுப் புண், குடலில் கசிவு, மூளையில் கசிவு வந்திருக்கிறதா?
5. பரிசோதனை நிலையத்துக்குப் போய்வர முடியுமா?
6. மாத்திரையின் விலை மட்டுமல்ல, மொத்தச் செலவு என்ன?

முதல் இடத்தில் விலையை வைக்காததற்குக் காரணம் உண்டு. எந்த மாத்திரையானாலும் சாப்பிடாத மாத்திரைதான் ரொம்ப விலை உயர்ந்தது. பக்கவாதத்துக்கு அப்புறம் வரும் செலவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

| | வார்ஃபரின் | அபிக்ஸபன் | ரிவராக்ஸபன் | டாபிகட்ரான் |
|---|---|---|---|---|
| எத்தனை வேளை | ஒன்று | இரண்டு | வழக்கமாக ஒன்று | இரண்டு |
| ஐ.என்.ஆர். பரிசோதனை | கட்டாயம் | வேண்டாம் | வேண்டாம் | வேண்டாம் |
| சிறுநீரகப் பரிசோதனை | அவ்வப்போது | வருடம் ஒருமுறையாவது | வருடம் ஒருமுறையாவது | இன்னும் அடிக்கடி |
| சிறுநீரகம் வழியே வெளியேறுவது | மிகக் குறைவு | சுமார் கால் பங்கு | சுமார் மூன்றில் ஒரு பங்கு | சுமார் 80% |
| சாப்பாடு | கீரை அளவு ஒரே சீராக | எப்படியும் சாப்பிடலாம் | 15, 20 மி.கி. சாப்பாட்டோடு | சாப்பாட்டோடு என்றால் வயிறு தாங்கும் |
| ஒரு வேளை தவறினால் | பாதுகாப்பு மெதுவாகக் குறையும் | அன்றே குறையும் | அன்றே குறையும் | அன்றே குறையும் |
| முறிமருந்து | வைட்டமின் கே, உறைதல் காரணிச் செறிவு (உறைதல் புரதங்கள் செறிந்த ஊசி மருந்து) | உறைதல் காரணிச் செறிவு. சில இடங்களில் தனி முறிமருந்து | அபிக்ஸபன் போலவே | இடாருசிசுமாப் |

## வார்ஃபரின்: தொல்லை பிடித்த, ஆனால் வாய் திறந்து பேசும் மருந்து

இதன் பிறப்பே ஒரு தனிக் கதை. 1920-களில் வட அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. 1933-ல் ஒரு விவசாயி செத்த மாட்டையும், உறையாத ரத்தம் நிறைந்த பால் கேனையும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க்கின் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார். அந்த ஆய்விலிருந்து வந்த வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954-ல் மனிதர்களுக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டே மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்குக் கொடுத்தார்கள். ‘எலி மருந்தையா எனக்குக் கொடுக்கிறீர்கள்?’ என்று கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்: ஆமாம், அளவுதான் வித்தியாசம். அந்த அளவைக் காட்டுவதுதான் ஐ.என்.ஆர்.

மருந்து சாப்பிடாத ஒருவருக்கு அந்த எண் 1 அளவில் இருக்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கும் ரத்தக்கட்டிக்கும் 2-லிருந்து 3-க்குள் வைக்கப் பார்ப்பார்கள். 2-க்குக் கீழே போனால் கட்டி வரும் பயம். மேலே ஏற ஏறக் கசிவு பயம். ஆரம்பத்தில் சில நாளுக்கு ஒருமுறை பரிசோதனை. எண் நிலைத்த பிறகு மாதம் ஒருமுறை போதும், ரொம்ப நாள் நிலையாக இருப்பவர்களுக்கு இடைவெளி இன்னும் நீளலாம்.

இதன் மறைமுகச் செலவு இங்கேதான் இருக்கிறது. மாத்திரை மலிவு. ஆனால் ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு காலைப்பொழுது போகும். கூட வருபவருக்கு அரைநாள் விடுப்பு, போக்குவரத்து, காத்திருப்பு. அப்புறம் ‘திங்கள் முதல் வெள்ளி ஒன்று, சனி ஞாயிறு ஒன்றரை’ என்கிற கணக்கு. பார்வை மங்கியவர் மாத்திரையைப் பாதியாக உடைப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் புரியும். ஒரு பாதி பெரிதாகவும் மறு பாதி தூளாகவும் போகும்.

மருந்துச் சண்டையும் இதில்தான் அதிகம். மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், ஃப்ளுகோனசோல், அமியோடரோன் ஐ.என்.ஆர். எண்ணை ஏற்றும். ரிஃபாம்பிசின், கார்பமாசெபைன் இறக்கும். பாரசிட்டமாலைக்கூட நிறைய அளவில் பல நாள் தொடர்ந்தால் எண் ஏறலாம். அதனால் எந்த ஆன்டிபயாடிக் தொடங்கினாலும் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் ஒரு பரிசோதனை செய்துகொள்வது நல்ல பழக்கம்.

கீரையில் வைட்டமின் கே உண்டு என்பதால் அந்த விஷயத்தில் ஊர்ப்பட்ட தவறான அறிவுரை உலவுகிறது. ‘கீரையே தொடக்கூடாது’ என்று சொல்லிவிடுகிறார்கள். தேவையில்லை. வாரம் மூன்று நாள் சாப்பிடுபவர் மூன்று நாளே சாப்பிடட்டும். அந்தப் பழக்கத்துக்கு ஏற்ப மருந்தின் அளவை வைத்துக்கொள்ளலாம். ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டு அடுத்த மாதம் தினமும் ஒரு கட்டு சாப்பிடுவதுதான் எண்ணைக் குலைக்கும்.

வார்ஃபரின் பொருந்துவது யாருக்கு? மேலே சொன்ன, தேர்வே இல்லாதவர்களில் கர்ப்பிணிகளைத் தவிர மற்றவர்களுக்கு. சிறுநீரகம் ரொம்பவே பழுதானவர்கள் பலருக்கு. வலிப்புக்கு ஃபெனிடாய்ன் போல ஏதாவது சாப்பிடுபவர்களுக்கு. அது புதிய மாத்திரையை ரத்தத்தில் குறைத்துவிடும், எவ்வளவு குறைகிறது என்று வழக்கமான பரிசோதனையில் தெரியாது, வார்ஃபரினில் எண்ணைப் பார்த்து அளவை மாற்றலாம். குடலில் அறுவைச் சிகிச்சையாகி மாத்திரை உறிஞ்சப்படுவதே சந்தேகம் என்றாலும் இதே வாதம் பொருந்தும்.

இன்னொரு கூட்டமும் உண்டு. வருடக்கணக்கில் எண் நிலையாக இருக்கும், வயதான, உடல் தளர்ந்த ஆட்கள். நெதர்லாந்தில் 75 வயதைக் கடந்த, தளர்ந்த நோயாளிகளை வைத்து நடந்த ஒரு ஆய்வு 2023-ல் வெளிவந்தது. பழைய மருந்திலேயே இருந்தவர்களைவிட, புதியதற்கு மாற்றப்பட்டவர்களுக்குத்தான் ரத்தக்கசிவு அதிகம். பலருக்கும் இது ஆச்சரியம். அத்தைக்கு அப்போது 79 வயது, பதினொரு வருடமாக வார்ஃபரின். ‘மாற்றலாமா?’ என்று டாக்டரே கேட்டார். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று நாங்கள் மூவரும் சேர்ந்து முடிவு செய்தோம்.

## அபிக்ஸபன்: புதிதாகத் தொடங்குபவருக்கு என் முதல் பரிந்துரை

2011-ல் வெளிவந்த ஆய்வில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ள 18,201 பேரை எடுத்துக்கொண்டு வார்ஃபரினோடு ஒப்பிட்டார்கள். அபிக்ஸபன் குழுவில் பக்கவாதமும் ரத்தக்குழாய் அடைப்பும் 21%, பெரிய ரத்தக்கசிவு 31% குறைவு. மூளைக்குள் கசிவது சுமார் பாதியாகக் குறைவது இந்த நான்கு புதிய மருந்துக்கும் பொதுவான குணம். என்னைக் கேட்டால் புதியவற்றுக்குச் சாதகமான மிகப் பெரிய காரணம் அதுதான். குடல் கசிந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம், மூளை கசிந்தால் அப்படியில்லை.

வழக்கமான அளவு 5 மி.கி., இரண்டு வேளை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு இதை 2.5 ஆகக் குறைக்க ஒரு விதி இருக்கிறது: வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழே, கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எண், மி.கி./டெ.லி. கணக்கில்) 1.5 அல்லது அதற்கு மேல். இந்த மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். நடைமுறையில் ‘வயசாச்சே, பாவம்’ என்று ஒரே ஒரு காரணத்துக்காகக் குறைத்துக் கொடுப்பதை நிறையப் பார்க்கிறேன். 82 வயது, 70 கிலோ, கிரியாட்டினின் 1.0 என்றால் முழு அளவுதான். குறைத்தால் கசிவுக்குப் பயந்து பக்கவாதத்துக்குக் கதவைத் திறந்து வைப்பதாக ஆகும். உங்கள் சீட்டில் 2.5 என்று இருந்தால் மேலே சொன்ன மூன்று எண்ணையும் வைத்துப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் டாக்டரிடம் காரணம் கேளுங்கள். காரணம் இருக்கலாம், கேட்பதில் தவறில்லை.

ரத்தக்கட்டிக்குத் தொடங்கும்போது முதல் ஏழு நாள் 10 மி.கி. இரண்டு வேளை, பிறகு 5. அந்த எட்டாவது நாளை நாள்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள். மாற்ற மறந்து இரட்டிப்பு அளவிலேயே தொடர்பவர்கள் உண்டு.

இதன் மறைமுகச் செலவு, மாமாவின் ராத்திரி அறைகள். பரிசோதனை இல்லை என்றால் யாரும் ‘என்ன ஆச்சு’ என்று கேட்கும் சந்தர்ப்பமும் இல்லை. மாதாமாதம் ஐ.என்.ஆர். பார்க்கப் போகும்போது நர்ஸ் ஒரு வார்த்தை கேட்பார்: புது மருந்து ஏதாவது, மலம் கறுப்பாகப் போகிறதா, எங்காவது விழுந்தீர்களா. அந்தக் கேள்விகளும் பரிசோதனையோடு சேர்ந்து போய்விடுகின்றன. வீட்டில் யாராவது அந்த இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்.

## ரிவராக்ஸபன்: ஒரே வேளை, ஆனால் வயிற்றில் சோறு வேண்டும்

ராத்திரி மறப்பவருக்கு ஒரே வேளை என்பது பெரிய வரம். நிபந்தனை ஒன்று: 15, 20 மி.கி. மாத்திரைகளைச் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் மருந்து முழுதாக உடம்பில் சேராது. காலையில் காபியோடு விழுங்கிவிட்டு பதினோரு மணிக்குச் சாப்பிடுபவர் தினமும் குறைந்த அளவில்தான் வாழ்கிறார், அவருக்கே தெரியாமல்.

சிறுநீரகத் திறன் குறைந்தால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு 20-ஐ 15 ஆகக் குறைப்பார்கள். ரத்தக்கட்டிக்கு முதல் 21 நாள் 15 மி.கி. இரண்டு வேளை, பிறகு 20 ஒரு வேளை. இங்கேயும் நாள்காட்டியில் வட்டம் வேண்டும். முன்பு குடலில் கசிவு வந்தவர் என்றால் ரிவராக்ஸபனைவிட அபிக்ஸபன் பக்கம்தான் நான் சாய்வேன்.

## டாபிகட்ரான்: டப்பாவை மாற்றாதீர்கள்

2010-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, புதியவற்றில் முதலில் வந்தது. நெருக்கடியில் சில நிமிடத்தில் வேலை செய்யும் முறிமருந்து இதற்கு உண்டு, டயாலிசிஸ் மூலமும் வெளியேற்றலாம். அது பெரிய தெம்பு. ஆனால் உங்களுக்கு அருகில் இருக்கும் ஆஸ்பத்திரியில் அந்த முறிமருந்து இருப்பு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தெம்பு காகிதத்தில்தான்.

குறைகள் மூன்று. நெஞ்செரிச்சல், வயிற்று உபாதை பலருக்கு வரும். சிறுநீரகத்தை நம்பியே வெளியேறுகிறது, அது பழுதானால் ரத்தத்தில் தேங்கும். மூன்றாவது, ஈரம் பட்டால் கெட்டுவிடும். வந்த அட்டையிலோ பாட்டிலிலோதான் இருக்க வேண்டும். வாரப் பெட்டியில் பிரித்துப் போடக்கூடாது. கேப்ஸ்யூலைத் திறந்து தூளைத் தண்ணீரில் கலக்கவும் கூடாது, அப்படிச் செய்தால் மருந்து அளவுக்கு மீறி ரத்தத்தில் ஏறும். விழுங்கச் சிரமப்படுபவருக்கும் வாரப் பெட்டியை நம்பியிருப்பவருக்கும் இது ஒத்துவராது.

எடாக்ஸபனும் ஒரே வேளை, சாப்பாட்டுக் கட்டுப்பாடும் இல்லை. கிடைக்கும் இடத்தில் நல்ல தேர்வுதான். ரத்தக்கட்டிக்கு இதையோ டாபிகட்ரானையோ தொடங்குவதற்கு முன்னால் குறைந்தது ஐந்து நாள் ஹெப்பாரின் வகை ஊசி போட வேண்டியிருக்கும்.

## ‘ஆஸ்பிரின் போதாதா?’

போதாது. ஆஸ்பிரின் தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும். மாரடைப்பு வந்தவருக்கு, ஸ்டென்ட் வைத்தவருக்கு அதன் இடம் வேறு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இதயத்துக்குள் உருவாகும் கட்டிக்கு அது சரியான ஆயுதம் இல்லை. வார்ஃபரின் ஒத்துவராதவர்களிடம் அபிக்ஸபனையும் ஆஸ்பிரினையும் ஒப்பிட்டபோது, அபிக்ஸபன் பக்கவாதத்தைப் பாதிக்குமேல் குறைத்தது; பெரிய ரத்தக்கசிவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ‘மென்மையான மாத்திரை’ என்று நினைத்து ஆஸ்பிரினைத் தேர்ந்தெடுப்பவர் கசிவு அபாயத்தை ஏற்கிறார், பலனைப் பெறுவதில்லை.

## சிறுநீரகக் கணக்கு: ‘நார்மல்’ என்ற சொல்லை நம்பாதீர்கள்

80 வயதுப் பாட்டி, 45 கிலோ, கிரியாட்டினின் 1.1 என்று வைத்துக்கொள்வோம். ஆய்வுக்கூடத்தின் தாளைப் பார்த்தால் கவலைப்படும்படி ஒன்றும் தெரியாது. ஆனால் மருந்தளவுக்குப் பயன்படுத்தும் கணக்கு வேறு: 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72-ஐக் கிரியாட்டினினால் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும், பெண் என்றால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். 60 பெருக்கல் 45, 2,700. அதை 79.2-ஆல் வகுத்தால் 34. அதில் 0.85 பங்கு, சுமார் 29. ‘நார்மல்’ என்று போன பாட்டியின் சிறுநீரகம் நிமிடத்துக்கு 29 மில்லிதான் வடிகட்டுகிறது. டாபிகட்ரானின் வழக்கமான அளவு இவருக்குக் கூடாது. அபிக்ஸபன் என்றால் வயது, எடை இரண்டும் பொருந்துவதால் 2.5.

இன்று எடை என்ன என்று தெரியாமல் யாரும் சரியான அளவைச் சொல்ல முடியாது. டாக்டரைப் பார்க்கப் போகும் அன்று எடை பார்த்துக்கொண்டு போங்கள்.

## எதைத் தேர்ந்தெடுத்தாலும்

வலிக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எடுக்காதீர்கள். இந்த மருந்துகளோடு சேர்ந்தால் வயிற்றில் கசிவு வருவதற்கு இவைதான் முக்கியக் காரணம். முதல் தேர்வு பாரசிட்டமால், அளவோடு. மூலிகை, பூண்டு கேப்ஸ்யூல், கிங்கோ எதுவானாலும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். ‘இயற்கை’ என்பது ரத்தத்துக்குத் தெரியாது.

வேளை தவறினால்: இரண்டு வேளை மருந்து என்றால் ஆறு மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் சாப்பிடலாம், ஒரு வேளை மருந்து என்றால் பன்னிரண்டு மணி நேரம் வரை. தாண்டிவிட்டால் விட்டுவிட்டு அடுத்த வேளையிலிருந்து தொடருங்கள். வார்ஃபரினை அன்றைக்குள் நினைவு வந்தால் சாப்பிடலாம், மறுநாள் இரட்டிப்பாகச் சாப்பிடக்கூடாது. நோட்டில் மட்டும் குறித்து வையுங்கள். ரிவராக்ஸபனின் முதல் 21 நாளுக்கும் வேறு ரத்தக்கட்டி சிகிச்சையின் ஆரம்ப நாட்களுக்கும் தனி விதி இருக்கலாம், மருந்தாளுநரைக் கேளுங்கள்.

பல் பிடுங்கவோ அறுவைச் சிகிச்சைக்கோ நீங்களாக நிறுத்தாதீர்கள். சின்னப் பல் வேலைகளுக்குப் பெரும்பாலும் நிறுத்தவே தேவையில்லை. பெரிய அறுவைக்கு வார்ஃபரினைச் சுமார் ஐந்து நாள் முன்பும் புதியவற்றை ஓரிரு நாள் முன்பும் நிறுத்துவது வழக்கம். சிறுநீரகம் மந்தம் என்றால் டாபிகட்ரானுக்கு இன்னும் கூடுதல் நாள். முக்கியமாக, திரும்ப எந்தத் தேதியில் தொடங்குவது என்று எழுதி வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள். நிறுத்தியதைத் தொடங்க மறந்து பக்கவாதம் வருவது ரொம்ப வேதனையான கதை.

மருந்து மாற்றும் வாரம்தான் அபாயமான வாரம். வார்ஃபரினை நிறுத்தி, எண் இறங்கிய பிறகுதான் புதியது தொடங்கும். அபிக்ஸபன், டாபிகட்ரானுக்கு 2-க்குக் கீழே வர வேண்டும். பழைய அட்டையை அன்றே வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தலையில் அடிபட்டால் காயம் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், வலிக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தார் போல் கறுத்த மலம், சிறுநீரில் ரத்தம், பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காத மூக்கு ரத்தம், இதுவரை வராத மாதிரியான தலைவலி, வாய் கோணுதல், கை கால் தளர்தல், பேச்சுக் குழறல், எல்லாமே அவசரம்தான். மருந்தின் பெயரும் கடைசி வேளை எத்தனை மணிக்கு என்பதும் ஒரு சீட்டில் பர்ஸுக்குள் இருக்கட்டும். முறிமருந்து கொடுப்பவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

மாமாவின் விஷயம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். டாக்டரிடம் அந்த நாலு மாத்திரையையும் காட்டினேன். அவர் திட்டவில்லை, சிறுநீரகக் கணக்கைப் போட்டுப் பார்த்து ரிவராக்ஸபனுக்கு மாற்றினார், மதியச் சாப்பாட்டோடு. மாமா மதியச் சாப்பாட்டை மறந்ததாக இந்த எழுபது வருடத்தில் பதிவே இல்லை. பெட்டியில் இப்போது ஏழே அறைகள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் போய் நான்தான் நிரப்புகிறேன், காலி அறைகளை எண்ணிப் பார்த்துவிட்டு.